ஆறு அனுப்பிய நோட்டீஸ்

ஆற்றைச் சட்டப்படி ஓர் ஆளாக ஏற்றுக்கொண்டு நகரசபை தீர்மானம் போட்டது. எதிர்த்து ஒரு கைகூட உயரவில்லை. எதிர்த்தால் இயற்கையின் விரோதி என்று பெயர் வரும். ஆதரித்தால் யாருக்கும் எந்தச் சிரமமும் இல்லை. இப்படி ஒரு சொகுசான தீர்மானம் வருஷத்துக்கு ஒன்று கிடைத்தாலே பெரிது.

ஆள் என்று ஆகிவிட்டால் படிவம் நிரப்ப வேண்டும். அந்த வேலை கிளார்க்கம்மாவின் மேசைக்கு வந்தது. ஆவணப் பிரிவில் பத்தொன்பது வருஷம் உட்கார்ந்து உட்கார்ந்து நாற்காலியின் பிரம்பே அவள் உருவத்துக்குப் பள்ளம் விழுந்திருந்தது. எந்தப் படிவத்துக்கும் அவள் பயந்தவள் இல்லை. ஆனாலும் இந்தப் படிவம் அவளைக் கொஞ்சம் படுத்தியது. நிரந்தர முகவரி என்ற கட்டத்தில் எதை எழுதுவது? தொழில் என்ற இடத்தில் 'ஓடுதல்' என்று போட்டாள். பால் என்ற இடத்தில் காலியாக விட்டதை மேலதிகாரி தானே திருத்திப் 'பெண்' என்று எழுதினார். "எல்லாரும் கண்டதையும் கொட்டுறாங்க, வாயத் தொறக்க மாட்டேங்குது. வேற என்னவா இருக்கும்?" என்றார். நகைச்சுவை என்று நினைத்துத்தான் சொன்னார்.

பெயர் என்ற கட்டத்தில், ஊரில் எல்லாரும் சொல்வதுபோல, 'ஆறு' என்றே எழுதியிருந்தாள். அடையாள அட்டை அச்சாகி வந்தபோது பெயருக்கு நேராக '6' என்று இருந்தது. அதைத் திருத்த நாலு மாதம் ஆனது.

ஆளுக்கு வாய் இல்லாததால் ஒரு காப்பாளரை நியமித்தார்கள். அவர் முன்பு நிலம் வாங்கி விற்கும் தரகராக இருந்தவர். ஒருநாள் ஆற்றங்கரையில் மனை பார்க்கப் போன இடத்தில் ஆறு தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாகவும், அன்றோடு தொழிலை விட்டதாகவும் அவரே பல மேடைகளில் சொல்லியிருந்தார். தொழிலை விட்டாரே தவிர அந்த மனையை விடவில்லை. அங்கே 'மௌன இல்லம்' என்று ஒன்று கட்டி, ஆற்றின் குரலைக் கேட்க விரும்புகிறவர்களுக்கு முகாம் நடத்தினார். சீடர்கள் அவரை 'ஈரமனத்தார்' என்று அழைத்தார்கள். எதிர்க்கரையில் துணி வெளுக்கும் பெண்கள் 'நனைஞ்ச பூனை' என்று அழைத்தார்கள். கிளார்க்கம்மாவுக்கு அவர் வெறும் 'சார்'.

காப்பாளர் அலுவலகம் என்று இரண்டு அறைகளை நகரசபைக் கட்டடத்தின் பின்பக்கம் ஒதுக்கினார்கள். ஜன்னலைத் திறந்தால் சைக்கிள் நிறுத்துமிடம் தெரியும். ஆறு தெரியாது. ஆவணப் பிரிவிலிருந்து கிளார்க்கம்மாவை அங்கே மாற்றினார்கள். கூடவே, ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்த ஒரு ஊழியரையும் அனுப்பினார்கள். முத்திரை குத்துவது மட்டுமே அவர் வேலை. அதனால் எல்லாருக்கும் அவர் 'முத்திரை அண்ணன்'.

ஆறு பேசுவது வியாழக்கிழமைகளில். காலையில் காப்பாளர் மௌன இல்லத்தின் மரமேடையில் கண்ணை மூடி உட்கார்ந்து கேட்டுவிட்டு, பத்தரை மணிக்கு அலுவலகத்துக்கு வருவார். வந்து, நாற்காலியில் சாய்ந்து, மறுபடி கண்ணை மூடுவார்.

"எழுதும்மா. அவ இன்னைக்குக் கலங்கியிருக்கா."

"சரி சார். என்ன கலக்கம்?"

"ஒரு... ஆழமான கலக்கம். மேல நீயே எழுதிக்கோ."

இப்படித்தான் கிளார்க்கம்மா ஆறு ஆனாள். பள்ளிக்கூடத் திறப்பு விழாவுக்கு வாழ்த்து, பழைய பாலம் இடிந்தபோது இரங்கல், நீச்சல் போட்டிக்கு ஆசி எல்லாவற்றையும் 'நான் ஆறு' என்று ஆரம்பித்து அவள் எழுதினாள். கோப்புக் குறிப்பு எழுதியே மரத்துப் போன கை முதலில் 'மேற்படி பொருள் தொடர்பாக' என்றுதான் ஓடியது. போகப் போகப் பழகிவிட்டது. 'நான் யாரையும் முந்துவதில்லை, யாரும் என்னை நிறுத்துவதும் இல்லை' என்று ஒரு தடவை எழுதியதைப் பத்திரிகையில் கட்டம் கட்டிப் போட்டார்கள். மௌன இல்லத்தில் அதைக் கல்லில் பொறித்தார்கள். கல்லின் கீழே காப்பாளர் பெயர். வீட்டில் அந்தச் செய்தியைப் பஸ் ஓட்டும் கணவன் உரக்கப் படித்து, "என்னமா பேசுது பாரு இந்த ஆறு!" என்றபோது அவள் அடுப்பங்கரையில் தோசையைத் திருப்பிப் போட்டாள். உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்துதான் போனாள்.

இப்படி எட்டு மாதம் ஓடிய பிறகு ஒரு வியாழக்கிழமை காப்பாளர் ஒரு வரைபடத்தோடு வந்தார்.

"அவளுக்கு இடது கரை வலிக்குதாம்" என்றார்.

கிளார்க்கம்மா பேனாவை எடுத்தாள். "எந்த இடத்துல சார்?"

காப்பாளர் கண்ணை மூடாமலே விரலை வைத்தார். வலிக்கிற இடத்துக்கு மிகத் துல்லியமாக எல்லை இருந்தது. சலவைக்காரர்கள் குடியிருக்கும் வரிசை, நாற்பத்திரண்டு வீடு. அவர்கள் போன பிறகு அங்கே தியானப் பூங்கா வரும் என்று வரைபடத்தின் மூலையில் பச்சை மையில் எழுதியிருந்தது. ஆள் என்று ஆகிவிட்ட ஆற்றுக்குக் கரை சொந்தச் சொத்து. சொத்தில் குடியிருப்பவர்களைக் காலி செய்யச் சொல்ல உரிமையாளருக்கு அதிகாரம் உண்டு. நகரசபையே நேரடியாகத் துரத்தினால் ஊர் நாலு விதமாகப் பேசும். ஆறு துரத்தினால் யார் பேசுவது?

"வலது கரை எப்படி இருக்காம் சார்?" என்று கேட்டாள். வலது கரையில் மௌன இல்லம்.

"அது சுகமா இருக்கு."

நாற்பத்திரண்டு நோட்டீஸ். காரணம், சோப்பு நுரையால் ஆறு அசுத்தமாகிறது. முப்பது நாள் கெடு. பதினேழாவது நோட்டீஸில் விலாசத்தைத் தட்டச்சு செய்தபோது அவள் விரல் நின்றது. கதவு எண் பதினேழு அவள் நாத்தனார் வீடு. கணவனின் மூத்த அக்கா. கல்யாணமான புதிதில் ஒரு வருஷம் அந்த வீட்டில்தான் அவர்கள் ஒண்டியிருந்தார்கள். விலாசத்தை அடித்து முடித்தாள். சம்பளம் வாங்கும் கை அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனாரைப் பார்க்கப் போனாள். தபால் அதற்குள் போய்விட்டிருந்தது. கயிற்றில் போர்வை விரித்துக்கொண்டிருந்த நாத்தனார் திரும்பிப் பார்த்து, ஈரக்கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு, ஜாக்கெட்டுக்குள்ளிருந்து கடிதத்தை எடுத்தாள்.

"வாம்மா, ஆத்துக்காரி. உக்காரு."

கிளார்க்கம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "அண்ணி, நான்..."

"'தயைகூர்ந்து அப்புறப்படுமாறு'ன்னு எந்த ஆறு சொல்லும்? வெள்ளம் வந்தப்போ மூணு தடவ வீட்டுக்குள்ள வந்துச்சு. ஒரு தடவயாவது தயைகூர்ந்துன்னு சொல்லுச்சா? படிச்சவுடனே தெரிஞ்சுபோச்சு, இது என் தம்பி பொண்டாட்டி எழுத்துன்னு."

"மேலருந்து சொல்றாங்க அண்ணி. நான் எழுதலன்னா வேற யாராவது எழுதுவாங்க."

"அதுவும் சரிதான். வேற யாராவது எழுதியிருந்தா எழுத்துப் பிழையாவது இருந்திருக்கும். நீ சுத்தமா எழுதியிருக்க." நாத்தனார் சிரித்தாள். சிரிப்பில் கோபத்தைவிடக் களைப்பு அதிகம் இருந்தது. "ஆத்த நாங்க அசிங்கப்படுத்துறோமாம்ல?"

"உங்க சோப்பு நுரை போகுதுதானே அண்ணி?"

"போகுது. இல்லன்னு சொல்லல. கேக்குற யோக்கியதை உள்ளவங்க வந்து கேக்கட்டும், பதில் சொல்றேன். நீ வா என்கூட."

நடைபாலத்தைத் தாண்டி வலது கரையோடு மேலே கூட்டிப் போனாள். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். மௌன இல்லத்துச் சீடர்களின் வெள்ளை அங்கியெல்லாம் துவைக்க வருவது இவர்களிடம்தான். வெள்ளிக்கிழமை முகாம் ஆரம்பித்தால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் தண்ணீரில் கால் வைக்க முடியாது. குழாயடியில் வரிசையில் நின்று பிடித்து வந்துதான் அலச வேண்டும்.

"அவங்க உடுப்பும் எங்ககிட்டதான் வருது, அவங்க வயித்துல இருக்குறதும் எங்ககிட்டதான் வருது. உடுப்பத் தொவச்சுக் குடுத்துடுறோம். மத்தத என்னம்மா பண்ணச் சொல்ற?"

மரமேடைக்குக் கீழே நாணல் மறைவில் போய் நின்றார்கள். மேடையின் அடியிலிருந்து, பார்வைக்கு உறுத்தாதபடி பச்சை வர்ணம் அடித்துக் கொடி படரவிட்ட ஒரு தடித்த குழாய் ஆற்றுக்குள் இறங்கியிருந்தது. மேலே முப்பது பேர் வெள்ளை அங்கியில் கண்மூடி உட்கார்ந்திருந்தார்கள். 'இங்கே ஆறு பேசுகிறது, மௌனம் காக்கவும்' என்று பலகை. ஆறு அந்த இடத்தில் சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. சத்தம் போட்டது குழாய். இல்லத்துக்குள் யாரோ கழிப்பறையில் தண்ணீர் இழுத்துவிட, குழாயின் வயிற்றில் ஒரு குமுறல் எழுந்து, களக் களக் என்று நெடுநேரம் விம்மி, கடைசியில் ஒரு பெருமூச்சோடு ஓய்ந்தது.

மேடையில் ஒரு பெண்மணி தேம்பி அழத் தொடங்கினார். பக்கத்திலிருந்தவர் அவர் கையைப் பற்றி, "எனக்கும் கேட்டது" என்று முணுமுணுத்தார்.

கிளார்க்கம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். நாத்தனார் பொத்திக்கொள்ளவில்லை. அவளுக்குப் பழகியிருந்தது.

திங்கட்கிழமை முறைப்படியே ஆரம்பித்தாள். காப்பாளர் முன் போய் நின்று, மேடைக்குக் கீழே ஒரு குழாய் இருக்கிறது, அதிலிருந்து இன்னது வருகிறது என்றாள்.

காப்பாளர் பரிதாபமாகப் பார்த்தார். "குழாய்ங்குறது உன் பார்வைம்மா. அவ பார்வையில அது ஒரு துணை நதி."

"துணை நதில வர்றது..."

"எல்லாம் அவகிட்டதான் போய்ச் சேரணும். சேர்த்துக்குறதுதான் அவ தன்மை."

"அப்ப சோப்பு நுரை சார்?"

காப்பாளர் கண்ணை மூடிக்கொண்டார். பேட்டி முடிந்தது என்று அர்த்தம்.

அன்று மதியம் அவள் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கவில்லை. தட்டச்சு இயந்திரத்தில் தாளைச் சொருகினாள். எட்டு மாதத்தில் முதல் தடவையாக யாரும் எதுவும் சொல்லாமல் அவளாக எழுதினாள். 'தயைகூர்ந்து' என்ற வார்த்தை வந்த இடத்தில் மட்டும் எக்ஸ் அடித்துவிட்டாள்.

'மௌன இல்லத்தின் நிர்வாகிக்கு.

நான் ஆறு. நீங்கள் என் பேச்சைக் கேட்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். நான் பேசவில்லை. நீங்கள் கேட்பது உங்கள் கழிப்பறை. ஒரு தடவை கண்ணைத் திறந்து மேடைக்கு அடியில் பாருங்கள்.

என்னைத் தாய் என்று சொல்கிறீர்கள். தாயிடம் கொண்டுவந்து கொட்டும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால் வருத்தம் இல்லை. ஆனால் கொட்டிவிட்டு, அழுக்குக்குக் காரணம் கீழே துவைக்கிறவர்கள் என்று என் வாயால் சொல்ல வைத்தீர்களே, அதுதான் தாங்கவில்லை. அவர்கள் முழங்கால் என் தண்ணீரில் ஊறித் தோல் உரிந்திருக்கிறது. உங்களில் யாருடைய கால் நனைந்திருக்கிறது?

என் வலது கரையை முப்பது நாளுக்குள் காலி செய்யவும். குழாயையும் எடுத்துப் போகவும்.'

வரிசை எண் நாற்பத்து மூன்று போட்டு, வேறு பத்துப் பதினைந்து தாள்களுக்கு நடுவே வைத்தாள்.

காப்பாளர் கையெழுத்துப் போடும் விதம் தனி. இடது கையை நெஞ்சில் வைத்து, கண்ணை மூடி, "நான் போடல, அவ போடுறா" என்று சொல்லிக்கொண்டே போடுவார். எந்த இடத்தில் போட வேண்டும் என்று கிளார்க்கம்மா விரலைப் பிடித்து வைப்பாள். அன்றும் வைத்தாள்.

முத்திரை அண்ணன் எதையும் படிக்காமல் குத்தும் வழக்கம் உள்ளவர். அன்று எதற்கோ படித்தார். படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"இது போகுதா?" என்றார்.

"போகுது அண்ணே. பதிவுத் தபால்."

அவர் முத்திரையை மைப்பெட்டியில் இரண்டு தடவை அழுத்தி, மேசை அதிரக் குத்தினார்.

மௌன இல்லத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஆற்றிடமிருந்து எந்தக் கடிதம் வந்தாலும் முகாமில் எல்லார் முன்னாலும் பிரித்து உரக்கப் படிப்பார்கள். நிர்வாகி ஒரு பக்திமான். உறையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, காப்பாளர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, கணீரென்று படித்தார். 'உங்கள் கழிப்பறை' என்ற இடத்தில் குரல் கொஞ்சம் தடுமாறியது. ஆனாலும் ஆற்றின் வார்த்தை, நிறுத்த முடியுமா? கடைசி வரை படித்து முடித்தார்.

அப்போது பார்த்து யாரோ உள்ளே தண்ணீர் இழுத்துவிட, குழாய் குமுறத் தொடங்கியது. முப்பது பேரும் கண்ணைத் திறந்தார்கள். இரண்டு பேர் குனிந்து பலகை இடுக்கு வழியாகப் பார்த்தார்கள்.

முன்வரிசையில் ஒரு பத்திரிகையாளர் இருந்தார். எழுந்து கைகூப்பி, "தன் இல்லத்துக்கே நோட்டீஸ் அனுப்பிய மனம் யாருக்கு வரும்!" என்றார். மற்றவர்கள் கண்ணீர் விட்டார்கள். கைதட்டினால் மௌனம் கலையும் என்பதால் கைகளை உயரத் தூக்கி ஆட்டினார்கள். காப்பாளர் முகத்தில் புன்னகை மாறவில்லை. அதை எப்படி இறக்கிவைப்பது என்று தெரியாமல் அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். மறுநாள் பத்திரிகையில் கடிதம் முழுசாக வந்தது.

அன்று காலை ஒன்பது மணிக்கே காப்பாளர் அலுவலகத்தில் இருந்தார். கூடவே நகரசபை வக்கீல்.

"யாரு எழுதச் சொன்னது உன்ன?" காப்பாளரின் குரல் ஈரம் வற்றியிருந்தது.

"நீங்கதான் சார். மேல நீயே எழுதிக்கோன்னு எப்பவும் சொல்வீங்களே."

"இது மோசடி! வக்கீல் சார், இவ மேல கேஸ் போடுங்க."

வக்கீல் அந்தக் கடிதத்தை மிகவும் ரசித்துப் படித்துக்கொண்டிருந்தார். "போடலாம். கையெழுத்து உங்களுதுதானே?"

"என்னுதுதான். நான் படிக்கல."

"ஆறு நேரடியா சொன்னதக் கேட்டுக் கையெழுத்துப் போடுறேன்னு நகரசபைல உறுதிமொழி குடுத்திருக்கீங்க. படிக்காமப் போட்டேன்னு இப்ப சொன்னா, மத்த நாப்பத்திரண்டும் படிக்காமப் போட்டதுதானேன்னு கேப்பாங்க. சலவைக்காரப் பொம்பளைங்க நேத்தே பதில் மனு குடுத்துட்டாங்க. முதல் ஆளா கையெழுத்துப் போட்டிருக்கறது கதவு எண் பதினேழு." வக்கீல் ஓரக்கண்ணால் கிளார்க்கம்மாவைப் பார்த்தார். "பத்திரிகைல இந்தக் கடிதமும் வந்தாச்சு. ஒரே எண் வரிசை, ஒரே முத்திரை. ஒண்ணு செல்லாதுன்னா எல்லாம் செல்லாது. எல்லாம் செல்லும்னா, நீங்களும் மூட்டை கட்டணும்."

காப்பாளர் வெகுநேரம் கண்ணை மூடியிருந்தார். இந்தத் தடவை உண்மையிலேயே யோசிக்கிறார் என்று தெரிந்தது.

"எழுதும்மா" என்றார் கடைசியில். "அவ மன்னிச்சுட்டா."

"யார சார்?"

"மௌன இல்லத்த."

"இடது கரையையும் மன்னிச்சுட்டாளா சார்? எண் வரிசை ஒண்ணா இருக்கே."

வக்கீல் இருமுவதுபோல் திரும்பிக்கொண்டார். காப்பாளர் பல்லைக் கடித்துக்கொண்டு, "எல்லாரையும்" என்றார்.

அன்று மாலைக்குள் நாற்பத்து மூன்று மன்னிப்புக் கடிதம் அடித்தாள். அவள் அடித்ததிலேயே சலிப்பில்லாத வேலை அதுதான். அடித்து முடித்து எழுந்தபோது மேசைமேல் அவளுக்கும் ஒரு கடிதம் இருந்தது. பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவுக்கு மாற்றல்.

குழாய் போனதற்குச் சட்டம் காரணம் இல்லை. அடுத்த முகாமுக்கு வந்தவர்கள் கண்ணை மூடியதும் மூக்கு திறந்துகொண்டது. என்ன சத்தம் என்று தெரிந்துவிட்ட பிறகு அதைக் கேட்டு அழ யாருக்கும் மனம் வரவில்லை. ஆட்கள் குறைந்தார்கள். இல்லத்து நிர்வாகி வேறு வழியில்லாமல் பள்ளம் வெட்டித் தொட்டி கட்டினார். வர்ணம் அடித்த குழாயை வெட்டி எடுத்தார்கள். காப்பாளர் அதற்குள் பதவி விலகியிருந்தார். பக்கத்து மாவட்டத்தில் ஒரு மலை அவரைக் கூப்பிட்டதாம். சொந்த இல்லத்தையே எதிர்த்து நின்ற துணிச்சலுக்காக அவருக்கு ஒரு விருதும் கொடுத்தார்கள். விழாவில் நாற்பத்து மூன்றாவது கடிதத்தை அவரே கண்கலங்க வாசித்தார் என்று கேள்வி.

காலியான பதவிக்கு நகரசபை விளம்பரம் கொடுத்தது. சலவை வரிசைப் பெண்கள் கூடிப் பேசி நாத்தனாரை விண்ணப்பிக்க வைத்தார்கள். படிவத்தைக் கிளார்க்கம்மாதான் நிரப்பிக் கொடுத்தாள். அனுபவம் என்ற கட்டத்தில் 'முப்பத்தோரு வருஷம், தினசரி எட்டு மணி நேரம், இடுப்பளவு தண்ணீரில்' என்று எழுதினாள். மூன்றே நாளில் பதில் வந்தது: பள்ளி இறுதிச் சான்றிதழ் இணைக்கப்படவில்லை, ஆகவே நிராகரிக்கப்படுகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பதிலை எடுத்துக்கொண்டு கிளார்க்கம்மாவே ஆற்றுக்குப் போனாள். நாத்தனார் தண்ணீரில் நின்றபடியே, "என்னவாம்?" என்றாள்.

"சான்றிதழ் இல்லையாம் அண்ணி."

"பாவம், ஆறும் பள்ளிக்கூடம் போகல. சான்றிதழ் வச்சிருக்கவங்களோட அதுக்கு எப்படி ஒத்துப்போகும்?" என்றுவிட்டு நாத்தனார் ஒரு கனத்த போர்வையைத் தண்ணீரிலிருந்து இழுத்தாள். "சும்மா நிக்காத. எறங்கி வா. இத ஒருத்தியால பிழிய முடியாது."

கிளார்க்கம்மா செருப்பைக் கழற்றி வைத்தாள். ஆறாக இருந்து எத்தனையோ கடிதம் எழுதியவள், கரையில் ஒண்டியிருந்த அந்த ஒரு வருஷத்திலும் அதில் கால் வைத்ததில்லை. புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு இறங்கினாள். தண்ணீர் அவள் எங்கும் எழுதியிராத அளவுக்குச் சில்லிட்டிருந்தது. இரண்டாவது எட்டில் பாசிக்கல் வழுக்கி, மல்லாந்து விழப் போனவளை நாத்தனார் ஒரே கையால் முழங்கையில் பிடித்து நிறுத்தினாள்.

"பாத்து வை கால. இந்த முனையப் பிடி. நீ வலப்பக்கம் முறுக்கு, நான் இடப்பக்கம்."

இரண்டு பேரும் முறுக்கினார்கள்.